பழுதும் பழமையும்

பழுது என்பது வேறு. பழமை என்பது வேறு. இவ்விரு சொற்களும் ஒலியால் அண்மியவையாயினும் பொருளால் நெடுந்தூரம் விலகி நிற்பவை. வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசுமிடத்துப் 'பழைமை' என்றே ஓர் அதிகாரத்தை வகுத்தார். அங்கே பழமை குற்றமன்று. நெடுநாட் பழகியதனால் வந்த உரிமை. ஆனால் இன்றைய அங்காடியிலே இவ்விரு சொற்களும் ஒன்றாகிவிட்டன. ஒரு பொருளைச் சுட்டி 'இது பழசு' என்று ஒருவர் சொன்னாற் போதும். அது பழுதானதென நிறுவவேண்டிய கடமை அவருக்கு இல்லாமற் போய்விடுகின்றது. ஒரு பொருள் எப்போது பழசாகின்றது? அவ்வாறு தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்குரியது? அண்மையில் ஒரு வீட்டுக் கணினியைத் திறந்து பார்க்க நேர்ந்தபோது இவ்வினா எம்முன் எழுந்தது. மெய்யியலார் வழக்கமாக எழுப்பும் வினாக்களின் அருகே வைத்துப் பார்க்குமிடத்து இஃது அற்பமானதாகத் தோன்றலாம். எனினும் அவ்வீட்டிலே ஒருத்தியின் சம்பளமும் ஒருவனின் மாலைப்பொழுதும் இவ்வினாவிலேதான் தங்கியிருந்தன.

அக்கணினி 2014 ஆம் ஆண்டு வாங்கப்பட்டது. மேசையில் வைத்துப் பயன்படுத்தும் பெட்டி வகையைச் சேர்ந்தது. இன்ரெல் நிறுவனத்தின் நான்காந் தலைமுறைச் செயலி, 4 ஜிகாபைற் நினைவகம், 500 ஜிகாபைற் வன்தட்டு என்பன அதன் உறுப்புகள். தமக்கையின் படிப்புக்கென வாங்கப்பட்ட அக்கணினியிலேதான் அவள் இன்று உழைக்கின்றாள். பிரித்தானிய நிறுவனமொன்றின் கணக்குகளை வீட்டிலிருந்தவாறே பதிவு செய்வது அவளது தொழில். இனிமேல் ஊழியர் ஒவ்வொருவரும் இரு திரைகளுடன் பணியாற்ற வேண்டுமென அந்நிறுவனம் அறிவித்தது. திரையை யார் வாங்குவது என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. தம்பி எம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவன். அவனுடைய விருப்பம் வேறு. நண்பர்களோடு கூடி விளையாடும் கணினி விளையாட்டுகளை அதிலே இயக்க வேண்டும் என்பதே அது. "சேர், புதுசு வாங்கிறதெண்டால் அக்காட நாலு மாசச் சம்பளம். இதையே கொஞ்சம் திருத்தி எடுக்கேலாதோ?" என்று கேட்டுக்கொண்டு ஒரு மாலை எம்மிடம் வந்தான்.

எமது முதல் எண்ணத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. தமக்கையின் தேவையை நாம் உடனே ஏற்றுக்கொண்டோம். தம்பியின் விருப்பத்தைக் கேட்டபோதோ, எமது முகம் சற்றுச் சுருங்கியிருக்க வேண்டும். வேலைக்கென்றால் தேவை, விளையாட்டுக்கென்றால் ஆடம்பரம் என்ற பாகுபாட்டினை நாம் எவ்வித விசாரணையுமின்றிச் செய்துவிட்டோம். அப்பாகுபாடு எங்கிருந்து எமக்கு வந்தது என்பதைப் பின்னர் ஆராய்வோம்.

முதலில் நகரிலுள்ள கடையொன்றுக்குப் பெட்டியைக் கொண்டுசென்றோம். கடைக்காரர் அதன் முகப்பைப் பார்த்தார்; முதுகைத் திருப்பிப் பார்த்தார்; பின்பு, "மாஸ்டர், இது பழசு. இதுக்குக் காசு போடுறது வீண்," என்றார். மூடியைத் திறக்கவில்லை. அவரைக் கெட்டவரென்று கொள்ள வேண்டியதில்லை. விற்பனையால் வாழ்பவர் அவர். அவருக்கும் கடை வாடகை உண்டு. அன்றியும், அவர் கூறியதிலே பாதி உண்மையென்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் அப்பாதி உண்மையை அவர் பார்த்துச் சொல்லவில்லை. ஆண்டைக் கேட்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து, நாமும் மாணவனும் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தோம். செயலியின் மேலுள்ள காற்றாடியிலே பத்தாண்டுத் தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. செயலிக்கும் அதன் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத்துக்கும் இடையே பூசப்பட்டிருந்த பசை காய்ந்து மண்ணாகியிருந்தது. வெப்பம் வெளியேறாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே, 'பழசானதால் மெதுவாகிவிட்டது' என்று அவ்வீட்டார் பல ஆண்டுகளாக நம்பியதில் ஒரு பகுதி வெறுந் தூசியே. தாய்ப்பலகையில் நினைவகம் பொருத்துவதற்கான இரு துளைகள் வெறுமையாகவே கிடந்தன. வன்தட்டினைச் சோதித்தபோது அது மெய்யாகவே பழுதாகிக்கொண்டிருந்தது. சுழலும் தட்டும் அசையும் கரமும் கொண்ட பொருளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் என்பது பெரிய வயதுதான். கடைக்காரரின் பாதி உண்மை இதுவே. மின்வழங்கியும் 300 வாற் அளவினது, பெரிதொன்றைத் தாங்காது.

ஆனால் எம்மை வியப்பிலாழ்த்தியது பெட்டியின் முதுகு. அங்கே நீல நிறமான வீ.ஜீ.ஏ. துளையிலே திரையின் வடம் செருகப்பட்டிருந்தது. அதன் அருகே எச்.டி.எம்.ஐ. துளையொன்று பன்னிரண்டு ஆண்டுகளாக யாராலும் தீண்டப்படாது கிடந்தது. அச்செயலியினுள் அமைந்த வரைவியற் பகுதி மூன்று திரைகள் வரை ஒரே வேளையில் இயக்கவல்லது. இரண்டாவது திரைக்கு வேண்டிய ஆற்றல் அனைத்தையும் அந்தக் கணினி வாங்கப்பட்ட நாள்தொட்டே தன்னிடம் வைத்திருந்தது. வேண்டியிருந்தது ஒரு திரையும் ஒரு வடமுமே. அறியாமை எவ்வளவு விலையுயர்ந்த பொருள் என்பதை அன்று மாணவனிடம் விளக்க வேண்டிய அவசியம் எமக்கு ஏற்படவில்லை.

இனி, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு வருவோம்.

இயந்திரத்தின் முதுமையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் கார்ல் மார்க்ஸ் தலையாயவர். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' நூலின் முதலாம் பாகத்திலே, இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரம் இருவகையாகத் தேய்கின்றது என்று அவர் காட்டினார். உழைப்பினாலும், உழையாது துருப்பிடிப்பதனாலும் வரும் பௌதிகத் தேய்வு ஒன்று. மற்றையது, இயந்திரம் புத்தம் புதிதாக இருக்கும்போதே நிகழக்கூடியது. அதே இயந்திரத்தை மலிவாகச் செய்ய வழி பிறந்தாலோ, அதனினும் சிறந்தது சந்தைக்கு வந்தாலோ முன்னையதன் பெறுமதி வீழ்ந்துவிடும். இவ்விரண்டாவதனை அவர் குறித்த சொல்லை நேர்பொருளிலே 'ஒழுக்கத் தேய்வு' என மொழிபெயர்த்தல் நகைப்புக்கிடமாகும். பௌதிகமல்லாதது என்பதே அக்கால ஐரோப்பிய வழக்கில் அதன் கருத்து. எனினும் இச்சொல்லை நாம் சிறிது நேரம் கையில் வைத்திருப்போம். அது பின்னர் உதவும்.

மார்க்ஸ் இவ்வேறுபாட்டைக் காட்டியது பொறியியல் ஆர்வத்தினாலன்று. தன் இயந்திரம் எந்நேரமும் பெறுமதி இழக்கக்கூடும் என்ற அச்சம் முதலாளியைப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே அது புதிதாயிருக்கும்போதே அதனிடமிருந்து கறக்கக்கூடியது அனைத்தையும் கறந்துவிட அவன் முனைகின்றான். அதன் பொருட்டு வேலைநாளை நீட்டுகின்றான். இயந்திரத்தின் தேய்வு இவ்வாறு தொழிலாளியின் நித்திரையிலே வந்து விழுகின்றது. வேலைநாள் ஏன் நீண்டது என்ற வினாவுக்கு அவர் தந்த விடைகளுள் இஃது ஒன்று.

இவ்விருவகைத் தேய்வுகளைக் கொண்டே அவ்வீட்டுக் கணினியை மதிப்பிட முடியுமா? வன்தட்டின் தேய்வு முதலாவது வகையைச் சேர்ந்தது. புதிய செயலிகள் அதனைப் பன்மடங்கு விஞ்சிவிட்டமை இரண்டாவது வகை. ஆனால் கடைக்காரர் 'வீண்' என்றமைக்குக் காட்டிய முக்கியமான காரணம் இவையிரண்டுமன்று. "புது விண்டோஸ் இதிலை ஏறாது" என்பதே அவரது காரணம். இதனை எவ்வகையில் அடக்குவது?

மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 என்ற பணிசெயல் முறைமையை 2015 யூலையில் வெளியிட்டது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14 உடன் பொதுவாக நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளருக்கு நிபந்தனைகளோடு கூடிய ஓராண்டுத் தவணை 2026 ஒக்டோபர் வரை அளிக்கப்பட்டது. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, ரீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு உறுப்பினையும், இன்ரெல் செயலியாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ வேண்டி நிற்கின்றது. எட்டாந் தலைமுறை 2017 இன் பிற்பகுதியிலே வந்தது. ஆகவே 2017 இன் தொடக்கத்திலே வாங்கிய கணினி நான்கே ஆண்டுகளில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஏழாந் தலைமுறையில் விதிவிலக்குப் பெற்ற மிகச் சிலவற்றுள் ஒன்று, அவ்வேளையில் அந்நிறுவனம் தானே விற்றுக்கொண்டிருந்த கணினியொன்றில் அமைந்திருந்த செயலியாகும். வாசகர் இதனைத் தம்முள் எண்ணிப் பார்ப்பாராக. தடையை விலக்கி நிறுவியோரின் பழைய கணினிகள் பலவற்றிலே அம்முறைமை இயங்கவே செய்கின்றது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கணினி தேய்ந்துவிடவில்லை. தன் வேலையைச் செய்ய முடியாதவாறு பிறிதொன்றாலே தோற்கடிக்கப்படவுமில்லை. அது பழசென்று கட்டளையிடப்பட்டிருக்கின்றது. மார்க்ஸ் கண்ட இரண்டுக்கும் அப்பால் இதனை மூன்றாவது தேய்வு எனலாம். கட்டளைத் தேய்வு என்று பெயரிடுவோம்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. 1932 இல், உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவிலே, நியூயோர்க்கைச் சேர்ந்த பேர்னாட் லண்டன் என்ற காணி வீடு விற்பனைத் தரகர் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். மக்கள் பழைய பொருள்களை நெடுங்காலம் வைத்திருப்பதனாலேயே ஆலைகள் மூடப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அரசு ஓர் ஆயுட்காலத்தை விதித்து, அது கடந்தபின் சட்டத்தின் கண்ணில் இறந்ததாக அதனைக் கொள்ள வேண்டும். அதன் பின்னும் பயன்படுத்துவோரிடம் வரி அறவிட வேண்டும் என்பது அவரது திட்டம். வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதே அவர் நோக்கம். அதிலே வஞ்சகம் இருக்கவில்லை. எந்த அரசும் அதனை ஏற்கவுமில்லை. ஆனால் லண்டன் தம் திட்டத்தைச் சட்டமாகவே, எல்லோரும் காணவும் எதிர்க்கவும் கூடிய முறையிலே செய்ய விரும்பினார் என்பதை மறக்கலாகாது. இன்றோ அவ்வாயுள் ஒரு நிறுவனத்தின் தேவைப் பட்டியலிலே எழுதப்படுகின்றது. அதனை விவாதிக்கப் பாராளுமன்றம் இல்லை.

கட்டளை என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. செயலியைத் தாய்ப்பலகையிற் பொருத்தும் இடத்தை எடுத்துக்கொள்வோம். இன்ரெல்லின் ஆறாம், ஏழாந் தலைமுறைச் செயலிகள் 1151 தொடுமுனைகள் கொண்ட அமைப்பிலே பொருந்தின. எட்டாந் தலைமுறை வந்தபோதும் அமைப்பு அதே 1151 தான். ஆயினும் புதிய தாய்ப்பலகை இன்றியமையாதது என்று கூறப்பட்டது. மின்னோட்டத் தேவை மாறிவிட்டது என்பது அதற்குரிய விளக்கம். ஆனால் ஆர்வலர் சிலர் சில தொடுமுனைகளை மறைத்தும், தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளைத் திருத்தியும் புதிய செயலியைப் பழைய பலகையிலேயே இயக்கிக் காட்டினர். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., 2017 இன் தாய்ப்பலகைகள் பலவற்றிலே 2022 இன் செயலியைப் பொருத்த இடமளித்தது. இதனைக் கொண்டு ஒரு நிறுவனம் நல்லது, மற்றையது தீயது என முடிவு கட்டுதல் சிறுபிள்ளைத்தனம். 2020 மே மாதத்திலே அதே ஏ.எம்.டி.யும் தன் புதிய செயலிகள் முந்திய பலகைகளுக்குப் பொருந்தா என்றே அறிவித்தது. பாவனையாளரின் எதிர்ப்பு வலுத்தபின், அம்மாதத்திலேயே, முதற்கட்டமாகத் தன் முடிவை மாற்றிக்கொண்டது. முடியாதென்று சொல்லப்பட்டது இரு கிழமைக்குள் முடியுமானதாயிற்று. கருதத்தக்கது அதுவே.

எம்மை எதிர்த்து ஒரு நியாயமான வாதத்தை எழுப்பலாம். பாதுகாப்பு என்பது பொய்க்காரணமா? அன்று. பிறர் கணக்குகளைக் கையாளும் ஒரு பெண், திருத்தங்கள் நின்றுபோன முறைமையிலே பணியாற்றுவது மெய்யாகவே ஆபத்தானது. திருடர் புகுந்தால் பழி அவள் தலையிலேயே விழும். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்பவர்கள் நாம். பழமை பேணுதலே நற்பண்பென்று கூறுவோமாயின் நாளை மாட்டுவண்டிக்கும் வாதாட வேண்டிவரும். ஆகவே புதியது வரக்கூடாதென்பது எமது வாதமன்று. ஒரு பூட்டுப் பழுதானால் பூட்டை மாற்றலாம். வீட்டை இடிக்கும்படி கூறுவோன், அவ்வீட்டுக்குரியவளிடம் காரணம் காட்டக் கடமைப்பட்டவன். அதனோடு செலவிலும் பங்கேற்கக் கடமைப்பட்டவன்.

இங்கேதான் அவ்வீட்டின் நிலை மார்க்ஸ் கண்ட ஆலையினின்றும் வேறுபடுகின்றது. அங்கே இயந்திரம் முதலாளியுடையது. அது பெறுமதி இழந்தால் முதலிலே நட்டமடைபவன் அவனே. அந்நட்டத்தைத் தொழிலாளி மீது சுமத்த அவன் வேலைநாளை நீட்ட வேண்டியிருந்தது. இங்கேயோ இயந்திரம் தொழிலாளியுடையது. கணினி அவளுடையது, மின்சாரப் பட்டியல் அவளுடையது, இணையக் கட்டணமும் அவளுடையதே. உற்பத்திச் சாதனத்தைத் தொழிலாளி உடைமையாகக் கொள்ள வேண்டுமென்று நாம் மேடைகளிற் பேசியதுண்டு. இவ்விதமாக அது நிறைவேறும் என்று யார் கண்டார்? சாதனம் அவள் கைக்கு வந்தது; அதன் தேய்வும் அதனோடு அவள் கைக்கே வந்தது. விளைவு மட்டும் முன்போலவே வேறிடம் செல்கின்றது. வேலைநாளை நீட்டும்படி அவளை எவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. புதிய கணினி வாங்கவேண்டி வருமே என்ற அச்சம் அவளைத் தானாகவே மேலதிக மணித்தியாலங்களுக்கு இழுத்துச் செல்கின்றது. முதலாளியின் அச்சத்தையும் அவளே சம்பளமின்றிச் சுமக்கின்றாள்.

இலண்டனிற் காலை ஒன்பது மணியாகும்போது யாழ்ப்பாணத்திலே மாரிகாலத்திற் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. அவளது அலுவலக நாள் அப்போது தொடங்கி இரவிலே முடிகின்றது. முன்பு ஒரு திரையிலே பற்றுச்சீட்டைப் பார்த்து, பின் கணக்கேட்டுக்கு மாறி, மறுபடியும் பற்றுச்சீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இரு திரைகள் வந்தபின் சீட்டு இடப்புறம், ஏடு வலப்புறம். வேலை இலகுவாயிற்று என்று அவளே கூறினாள். கண்ணும் மனமும் தடுமாறுவது குறைந்தது. ஆனால் முதலாவது மாத முடிவிலேயே ஓர் இரவுக்குப் பதிய வேண்டிய சீட்டுகளின் தொகை கூட்டப்பட்டது. திரை மிச்சம்பிடித்த நேரம் அவளுக்கு அரைமணி நேரமேனும் முன்கூட்டிய நித்திரையாக வந்து சேரவில்லை. தொழில்நுட்பம் மனிதனின் சுமையைக் குறைக்கும் என்று பாடம் படிப்பிக்கும் நாம், குறைந்த சுமை எங்கே போகின்றது என்பதையும் சேர்த்துப் படிப்பிக்கிறோமா?

இவ்விடத்தில் தம்பியின் விளையாட்டுக்குத் திரும்புவோம். தமக்கையின் திரையை நாம் கேள்வியின்றி ஏற்றோம். தம்பியின் விளையாட்டை ஐயுற்றோம். அதாவது, இலாபம் பிறரிடம் சென்றடையும் பயனே 'பயன்' என்றும், பயன்படுத்துவோனிடமே நின்றுவிடும் மகிழ்ச்சி 'வீண்' என்றும் நாம் அறியாமலே கணக்கிட்டுவிட்டோம். இக்கணக்கு ஆசிரியரின் கணக்கன்று, முதலாளியின் கணக்கு. மார்க்சின் மருமகனான போல் லபார்க் 1880 இல் சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதியபோது, உழைப்பை வழிபடும் நோய் தொழிலாளரையும் பற்றிவிட்டதே என்று எள்ளினார். நம்முள்ளும் அந்நோய் உண்டு. வசதி படைத்தோரின் பிள்ளை விளையாடினால் 'பொழுதுபோக்கு' என்போம். கணினி வாங்க நாலு மாதச் சம்பளம் வேண்டிய வீட்டுப் பிள்ளை விளையாடினால் 'பொறுப்பில்லை' என்போம். பாரதி தன் பாப்பாவுக்கு நாளைப் பகிர்ந்தளித்தபோது விளையாட்டுக்கும் பங்கு வைத்தான். அப்பாப்பா எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. எல்லா விளையாட்டும் நல்லதென்பது எமது கருத்தன்று. கொலையைக் களிப்பாக்குவனவும், சூதாட்டம்போலப் பணம் கறப்பனவும் அங்கே மலிந்துள்ளன. அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஆனால் விளையாடும் ஆசை குற்றமன்று.

இங்கும் கட்டளைத் தேய்வு வந்து குறுக்கிடுவதைக் காணலாம். 2020 இல் வெளிவந்த 'வலரன்ற்' என்ற விளையாட்டு, பல ஆண்டுகளுக்கு முற்பட்ட செயலிகளிலும் இயங்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஆற்றல் குறைந்த கணினியும் பங்குகொள்ளட்டும் என்ற நோக்கு அதிலே தெரிகின்றது. ஆயினும் விண்டோஸ் 11 இலே அதனை விளையாட முன்னர் கூறிய ரீ.பி.எம். 2.0 வேண்டும்; ஏமாற்று ஆட்டக்காரரைத் தடுப்பதற்கென்பது காரணம். லினக்ஸ் என்னும் கட்டற்ற முறைமையை நிறுவினால் பழைய கணினி மீண்டும் பாதுகாப்புப் பெறும். ஆனால் அங்கே இவ்விளையாட்டு இயங்காது. கணினிக்கு விளையாடும் பலம் உண்டு, அனுமதிதான் இல்லை.

புதிய பெரிய விளையாட்டுகளுக்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவை. 2025 இல் வந்த என்விடியாவின் உச்சநிலைக் கார்ட் ஒன்று மட்டும் 575 வாற் வரை மின்சாரம் உண்ணும். அவ்வீட்டுக் கணினியின் மின்வழங்கி முழுவதும் 300 வாற் என்பதை முன்னரே கண்டோம். அது இருக்கட்டும். தாய்ப்பலகைத் துளையிலிருந்தே 75 வாற் பெற்று இயங்கும் சிறிய கார்ட்டுகளும் உள. அவற்றின் விலையை நிர்ணயிப்பதும் விளையாடுவோரல்லர். முன்னர் மின்னியல் நாணயம் 'தோண்டியவர்கள்' கார்ட்டுகளை மொத்தமாக வாங்கிக் குவித்தனர்; 2022 செப்ரெம்பரில் எதேரியம் தன் முறையை மாற்றியபின் அவ்வேட்டை தணிந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவ்விடத்துக்கு வந்துள்ளன. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண பாவனையாளருக்கு நினைவகம் விற்றுவந்த தன் 'குருசல்' வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. எமது மாணவன் நினைவகத்துக்காகப் போட்டியிடுவது இன்னொரு மாணவனோடு அன்று. நல்லவேளையாக, அவனுடைய கணினிக்கு வேண்டியது எவரும் விரும்பாத பழைய டீ.டீ.ஆர். 3 வகை. பழமைக்கும் சிற்சில வேளை ஒரு பாதுகாப்பு உண்டு போலும்.

திருத்திப் பயன்படுத்துதல் நம்மவர்க்குப் புதிய பாடமன்று. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே குடாநாட்டார் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலிலே விளக்கெரித்துப் பரீட்சைக்குப் படித்தனர். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயிலே ஓட்டினர். அத்தலைமுறையினர் இவற்றைச் சொல்லும்போது குரலிலே பெருமிதம் தொனிப்பதுண்டு. அப்பெருமிதத்தை மதிக்கின்றோம்; ஆனால் அதனை ஓர் இலட்சியமாக்க நாம் உடன்படோம். அது தெரிந்தெடுத்த சிக்கனமன்று, திணிக்கப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, டொலரொன்று சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை உயர்ந்தபோதும் பழையதைக் கட்டியழுமாறு மக்கள் மீண்டும் பணிக்கப்பட்டனர். இல்லாதவனிடம் 'உள்ளதைக் கொண்டு சமாளி' என்று சொல்வது இலகு. எம்மிடம் வந்த மாணவனிடம் நாமும் முதலில் சொல்ல இருந்தது அதனையே. எறியும்படி கட்டளையிடுவோனும் சமாளிக்கும்படி கட்டளையிடுவோனும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்: பொருளைக் கையாளும் மனிதரிடம் இருவரும் எதனையும் கேட்பதில்லை.

மூன்றாவது தேய்வினைச் 'ஒழுக்கத் தேய்வு' என்று அழைப்பதிலே, ஆகவே, எமக்குக் கூச்சமில்லை. முன்னர் நகைப்புக்கிடமென்று ஒதுக்கிய மொழிபெயர்ப்பு இங்கே நேர்பொருளிலேயே பொருந்துகின்றது. தேய்வது இயந்திரமன்று, தன் பொருளைப் பற்றித் தானே தீர்மானிக்கும் மனிதரின் உரிமை. எறியப்பட்டவை எங்கோ சென்று சேர்கின்றன என்பதும் ஒழுக்கத்தின்பாற்பட்டதே. 2022 இல் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னியற் கழிவு உண்டானதாகவும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீளப்பயன்படுத்தப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகளின் 2024 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. கானாவின் அக்ரா நகரிலே, அக்பொக்புளோசி என்ற இடத்தில், வடங்களை எரித்துச் செம்பு பொறுக்கிய இளைஞர்களை உலகம் பல ஆண்டுகள் புகைப்படங்களிற் பார்த்தது. 2021 இல் அவ்விடம் இடித்தகற்றப்பட்டது. பொறுக்கியவர்களின் பிழைப்புக்கு மாற்றுவழி செய்யப்பட்டதா என்று கேட்டோர் குறைவு.

அவ்வீட்டில் நாம் செய்தவை சிலவே. தூசியை அகற்றிப் புதிய பசை பூசினோம். பழைய நினைவகத் துண்டுகள் வாங்கி 16 ஜிகாபைற் ஆக்கினோம். வன்தட்டினை நீக்கி, அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. தட்டினைப் பொருத்தினோம், நிமிடக்கணக்கில் விழித்தெழுந்த கணினி இப்போது சில விநாடிகளில் எழுகின்றது. பாவித்த திரையொன்று வாங்கி, தீண்டப்படாத அத்துளையிலே இணைத்தோம். எல்லாமாகத் தமக்கையின் அரைமாதச் சம்பளத்துக்கும் குறைவான செலவே. கார்ட் வாங்கவில்லை. விளையாட்டிலே ஒளியையும் நிழலையும் குறைத்துவிட்டால் வேகம் கூடும் என்பதை மாணவனே கண்டுபிடித்தான். அவனுடைய உலகத்திலே இப்போது மரங்களுக்கு நிழல் விழுவதில்லை. அதைப் பற்றி அவன் முறையிடவுமில்லை. தமக்கையின் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமும், ஞாயிறு முற்பகலும் அவனுடையவை என்று இருவரும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

சென்ற மாதம் அந்நிறுவனத்திலிருந்து தமக்கைக்கு மற்றோர் அறிவித்தல் வந்தது. வருகிற ஆண்டு முதல் புதிய பணிசெயல் முறைமையுள்ள கணினிகளில் மாத்திரமே பணியாற்றலாம் என்பது அதன் சாரம். "சேர், இனி என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அன்றிரவு மூவருமாக இருந்து ஒரு கடிதம் வரைந்தோம். நிறுவனம் வேண்டும் கணினியை நிறுவனமே அனுப்ப வேண்டும், அல்லது அதன் செலவைச் சம்பளத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதினோம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் முதலிலே தயங்கியவள், அவளோடு இணையவழியிற் பணியாற்றும் வேறு நால்வரிடம் அதனைக் காட்டினாள். இருவர் கையொப்பமிட்டனர். கடிதம் போய் மூன்று கிழமையாகின்றது. விடை இன்னும் வரவில்லை. மற்றைய இருவரோடும் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பேசுவதாகக் கூறியிருக்கின்றாள். அதற்காகத் தம்பி தன் முற்பகலை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.